பன்னிரண்டு அங்குலக் காகிதம்

கிட்டாரின் ஆறாவது கம்பியை மீட்டும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வந்தது. மணல் ஒட்டிய செருப்போடு சிமெண்டுத் தரையில் காலை இழுத்தால் வருமே, அது மாதிரி. முதலில் கம்பிதான் எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்தேன். கிட்டாரை மாற்றிப் பார்த்தேன். வயரை மாற்றினேன். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) வால்வுகளை, அதாவது பழைய ரேடியோக்களில் இருக்கும் மாதிரியான கண்ணாடிக் குழாய்களை, ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு போட்டேன். சத்தம் போகவில்லை. கடைசியில் ஆம்பை அணைத்து, பெட்டியை மல்லாத்தி வைத்து, ஸ்பீக்கரின் நடு மூடியைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாகப் பதித்து, காகிதக் கூம்பான கோனை மெதுவாக உள்ளே அழுத்தினேன். காதைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கேட்டது. அழுத்தும்போது ஒரு சர்ர், விடும்போது ஒரு சர்ர்.

கோனின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசுகிறது. நல்ல ஸ்பீக்கரில் கோன் உள்ளே போய் வருவது விரலுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. காயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. அதில் காயில் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும். போன திருவிழா முடிந்து லோரியிலிருந்து சாமான் இறக்கும்போது பெட்டி கைநழுவி முகங்குப்புற விழுந்தது. அன்று வெளியே ஒரு கீறல்தான். ஆனால் 12 அங்குல ஸ்பீக்கரின் எடையில் பெரும்பங்கு பின்னால் இருக்கும் காந்தம். விழுந்த வேகத்தில் அது ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். கோனை மட்டும் புதிதாக மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்களே என்று நண்பர்கள் சொன்னார்கள். காகிதம் கிழிந்திருந்தால், காயில் எரிந்திருந்தால், அது சரிதான். காந்தமே இடம் மாறிய பிறகு புதுக் கோனும் அதே இடத்தில்தான் போய் உரசும். ஆக, வேறு ஸ்பீக்கர் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. மூன்று மாதம் தேடினேன். அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

இந்த ஆம்ப் கடையில் வாங்கியது இல்லை. நான் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை ஒட்டி. அங்கே எப்போதாவது திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். எல்லாரும் துணிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் புரொஜெக்டர் பக்கத்திலேயே நிற்பேன். சூடான எண்ணெய் வாசனையும், அதன் பக்கவாட்டுத் துளை வழியே தெரிந்த ஆரஞ்சு வெளிச்சமும் எனக்குப் படத்தைவிடப் பிடித்திருந்தன. வால்வு என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். வளர்ந்து, வேலைக்குப் போய், பல வருஷம் கழித்து ஈப்போவில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் அதே மாதிரி ஒரு 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் செத்துக் கிடப்பதைப் பார்த்தேன். லென்ஸ் இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் அப்படியே இருந்தது. அந்தக் காலத்துப் புரொஜெக்டர்கள் பலவற்றில் ஒலியைப் பெருக்க இரண்டு 6வி6 வால்வுகளைத்தான் போட்டிருப்பார்கள். கிட்டார் ஆம்ப் கட்டுபவர்களுக்கும் அதே வால்வுதான் பிரியம்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கழற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டினேன். முன்னால் இரண்டு 12ஏஎக்ஸ்7, பின்னால் இரண்டு 6வி6. பெட்டிக்கு ரப்பர் மரப் பலகை. ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் வற்றிப்போகும். வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள், இல்லையென்றால் செம்பனை (எண்ணெய்ப் பனை) போடுவார்கள். முன்பு அந்தக் கட்டைகள் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. இப்போது மேசை நாற்காலியாக உலகமெல்லாம் போகின்றன. அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றாவிட்டால் பூசணமும் வண்டும் பிடித்துவிடும் என்பது ஒன்றுதான் அந்த மரத்தின் குறை. என் அம்மா விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்று, பிறகு நாள் முழுக்க அந்த மரங்களைச் சீவியவர். பெட்டிக்கு வேறு மரம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பீக்கர் மட்டும் அப்போது கைக்குக் கிடைத்தது. உடைந்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்தது, 8 ஓம். பதினோரு வருஷம் உழைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரான்சிஸ்டர் ஆம்பில் ஸ்பீக்கரை மாற்றினாலும் ஒலி மாறத்தான் செய்யும். வால்வு ஆம்பில் அந்த மாற்றம் இன்னும் ஆழமாகப் போகும். ஸ்பீக்கரில் 8 ஓம், 16 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு பெயர் மாதிரிதான். உண்மையில் ஒவ்வொரு சுருதிக்கும் அது வேறு வேறு எதிர்ப்பைக் காட்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 அதிர்வு) பக்கத்தில் இயற்கை அதிர்வு இருக்கும். அந்த இடத்தில் எதிர்ப்பு எழுதியிருப்பதைப் போலப் பல மடங்கு ஏறும். பிறகு இறங்கி, மேல் சுருதிகளில் மறுபடியும் மெல்ல ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் ஒரே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வால்வு ஆம்ப் அப்படிப் பிடிவாதமாக நிற்காது. எதிர்ப்பு எங்கே ஏறுகிறதோ அங்கே அதன் வோல்டேஜும் கூடவே ஏறும். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது ஸ்பீக்கரின் அந்த மேட்டுக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கிறது. அடிக் கம்பியைத் தட்டியதும் ஒலி ஒரு கணம் தாமதித்துப் பூரித்து வருகிறதே, அதில் பாதி ஸ்பீக்கரின் வேலை. ஆம்பைக் கட்டி முடித்துவிட்டு ஸ்பீக்கரைக் கடைசியாக ஏதோ ஒன்று என்று வாங்குவது, உருமியைச் செய்துவிட்டுக் கிடைத்த தோலைக் கட்டுவது மாதிரி.

இந்தக் காரணத்தாலேயே வீட்டு ரேடியோ ஸ்பீக்கரும் கார் ஸ்பீக்கரும் இதற்கு ஆகாது. அவை எல்லாச் சுருதியையும் உள்ளபடி காட்டப் பிறந்தவை. கிட்டார் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலியைச் சட்டென்று விட்டுவிடும். வால்வைத் திணறவைத்து வாசிக்கும்போது வரும் முள் முள்ளான மேல் ஒலியெல்லாம் அந்தக் காகிதத்தில் வடிகட்டப்பட்டு நின்றுவிடும். ஒருமுறை அவசரத்துக்கு, டுவீட்டர் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்த ஒரு மேடைப் பெட்டியில் இந்த ஆம்பை மாட்டிப் பார்த்தேன். குளவிக் கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டேன்.

ஸ்பீக்கர் தேடும்போது ரசனைக்கு முன்னால் இரண்டு விஷயத்தில் கணக்குப் பார்த்தாக வேண்டும். ஒன்று ஓம், மற்றது வாட்.

ஓம் விஷயத்தில்தான் நான் பதினோரு வருஷமாகத் தவறு செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிந்தது. பழைய ஸ்பீக்கர் 8 ஓம், ஆகவே புதியதும் 8 ஓம் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தேன். பிறகு ஒரு சந்தேகம். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது, அது எந்த ஸ்பீக்கருக்கு என்று நான் அளந்தே பார்த்ததில்லை. அளப்பது கடினமும் இல்லை. ஆம்பிலிருந்து அதன் வயர்களைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்றுக்கு 6.3 வோல்ட் ஏசி கொடுத்து, வால்வு பக்கத்துச் சுற்றில் இரண்டு ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் வருவது சின்ன வோல்டேஜ் இல்லை. மீட்டர் 141 காட்டியது. 141-ஐ 6.3-ஆல் வகுத்தால் 22.4. அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 500. டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கரின் எதிர்ப்பை 500 மடங்காக்கி வால்வுக்குக் காட்டுகிறது என்று அர்த்தம்.

இரண்டு 6வி6 சேர்ந்து வேலை செய்யும்போது, 285 வோல்டில் 8000 ஓம் எதிர்ப்பு இருந்தால் 14 வாட் கிடைக்கும் என்பது அந்த வால்வின் பழைய அட்டவணைக் கணக்கு. 500-ஐ 16-ஆல் பெருக்கினால் சரியாக 8000. என் 8 ஓம் ஸ்பீக்கரோ வால்வுக்கு 4000 ஓம்தான் காட்டிக்கொண்டிருந்தது. வால்வுகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை களைத்துப்போனதும், சத்தத்தைக் கூட்டினால் தெளிவு சீக்கிரமே கலைந்ததும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. புரொஜெக்டரோடு வந்திருக்க வேண்டிய ஸ்பீக்கர் 16 ஓம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஓம் கொஞ்சம் மாறினால் வால்வு ஆம்ப் தாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரே இல்லாமல் வாசித்தால் தாங்காது. போக்கிடம் இல்லாத மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வோல்டாக எழும்பிச் சுற்றைப் பொசுக்கிவிடும். ஸ்பீக்கர் வயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். எங்கள் குழுவில் எல்லாருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது வாட். 14 வாட் ஆம்புக்கு 15 வாட் ஸ்பீக்கர் போதுமே என்று தோன்றும். போதாது. 14 வாட் என்பது ஒலி தெளிவாக இருக்கும்வரைதான். கிட்டார்காரன் அங்கே நிற்கமாட்டான். வால்வு திணறி அலையின் தலை தட்டையாகும்போது அதே ஆம்ப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியைத் தள்ளும். 28 வாட் என்று வையுங்கள். ஆகவே இரண்டு மடங்குக்குக் குறையாமல் தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும். எனக்கு ரொம்ப நாளாக ஆசையாக இருந்த, செலஸ்டியன் கம்பெனியின் அல்னிகோ புளூ இந்தக் கணக்கிலேயே போய்விட்டது. அது 15 வாட் ஸ்பீக்கர். பழைய வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்பில் அப்படி இரண்டைப் போட்டுத்தான் 30 வாட்டைத் தாங்க வைத்தார்கள். ஒன்றை மட்டும் வைத்து என் ஆம்பை முறுக்கினால் காயில் ஒரு நாள் கருகும்.

எஞ்சியவற்றில் மூன்றை மட்டும் மனத்தில் வைத்தேன். மூன்றுமே செலஸ்டியன்தான், 16 ஓமிலும் கிடைப்பவை. கிரீன்பேக் 25 வாட் (கணக்குக்குக் கொஞ்சம் குறைவுதான்), விண்டேஜ் 30, கிரீம்பேக் ஜி12எம்-65. விண்டேஜ் 30 என்பதில் உள்ள 30 வாட் கணக்கு இல்லை, அது 60 வாட் தாங்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் கிரீன்பேக் 98 டெசிபல், விண்டேஜ் 30 நூறு டெசிபல், கிரீம்பேக் 97. இந்த எண்ணை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 3 டெசிபல் கூடுவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 14 வாட் ஆம்பை விண்டேஜ் 30-இல் மாட்டினால் வரும் சத்தத்தைக் கிரீம்பேக்கில் வரவழைக்க 28 வாட் வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் மைக் வைக்காமல் டிரம்ஸோடு போட்டி போடும் சின்ன ஆம்புக்கு 3 டெசிபல் பெரிய காசு.

அதனால் கணக்குப்படி விண்டேஜ் 30-தான். அக்கா மகனின் பெட்டியில் அது இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வரவேற்பறையில் மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சுருதியும் கண்ணாடியில் கீறிய மாதிரி தெளிவாக வந்தது. அன்றே ஆர்டர் கொடுத்திருப்பேன்.

தடுத்தவர் ரேடியோ கடை அண்ணன். கடை மூடிப் பல வருஷமாகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த ஊரில் பழுது பார்த்தவர். எனக்கு ஈயம் வைக்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

“எங்க வச்சுக் கேட்ட?” என்றார்.

“வீட்டுலதாண்ணே.”

“வாசிக்கப் போறது வீட்டுலயா?”

வாசிப்பது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். நாங்கள் ஆறு பேர். திருவிழா இசை நிகழ்ச்சி, கல்யாணம், பிறந்தநாள். ஒத்திகை எல்லாமே அந்த மண்டபத்தில்தான். சிமெண்டுத் தரை, மூன்று பக்கம் பாதிச் சுவர், மேலே துத்தநாகக் கூரை. மழை பிடித்தால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாடுபவர்களுக்கும் கீபோர்டுக்கும் மேடை ஸ்பீக்கர் உண்டு. தபேலாவுக்கு ஒரே ஒரு மைக். கிட்டாருக்கு இந்தப் பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனின் பெட்டியையும் என் ஆம்பையும் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். கிட்டாரைத் தோளில் மாட்டப் போனேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

“நீ வாசிச்சுக்கிட்டே கேட்டா உன் முழங்காலுக்குத்தான் கேக்கும். அக்கா பையன்கிட்ட கொடு. நீ போயி அம்மாங்க பாய் விரிச்சு உக்கார்ற எடத்துல உக்காரு.”

உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக அந்த மண்டபத்தில் வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து கேட்டதில்லை. பையன் நான் வழக்கமாக வாசிப்பதை வாசித்தான். வீட்டில் தெளிவாகக் கேட்டது அங்கே ஊசியாக இறங்கியது. விண்டேஜ் 30-க்கு இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு மேடு உண்டு. பெரிய மேடையில், இரைச்சலான கூட்டத்தில், கிட்டாரை முன்னால் கொண்டுவர அந்த மேடுதான் உதவுகிறது. துத்தநாகக் கூரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் அதே மேடு போய் மோதித் திரும்பி வந்து மறுபடி குத்துகிறது. தபேலாக்காரரை ஒரு தாளம் போடச் சொன்னார் அண்ணன். ‘நா’ என்று விளிம்பில் விழும் அடி இருக்கிறதே, அது மொத்தமாகக் காணாமல் போயிற்று. கை விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வரவில்லை.

“எழும்பிச் சொவத்துப் பக்கம் போ” என்றார். போனேன். அங்கே கிட்டார் கம்பளிக்குள் சுற்றி வைத்த மாதிரி மங்கிக் கிடந்தது. அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், பத்தடி வித்தியாசம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். 12 அங்குலக் கோனின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேலே போகப் போக ஒலி பரவாமல் டார்ச்லைட் வெளிச்சம் மாதிரி குவியும். நேரே உட்கார்ந்தவருக்குக் குத்தும், ஓரத்தில் இருப்பவருக்கு எட்டாது. ஒவ்வொரு திருவிழாவிலும் கிட்டாருக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தில் பாய் விழாமலேயே இருக்கும். மின்விசிறிக் காற்று அங்கே வராதது காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் என் கிட்டார்தான் என்று தெரிந்ததும் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பாய் விரித்து உட்காரும் பெரியம்மாக்கள்தான் ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பாட்டுவரை இருப்பவர்கள்.

அடுத்த ஞாயிறு ஈப்போ நண்பர் ஒருவர் தம் கிரீன்பேக் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பையன் வாசித்தான், நான் பாயில். ஊசி போய்விட்டது. நடுச் சுருதி கெட்டியாக, கொஞ்சம் கரகரப்போடு, பாட்டுக்கு இடம் விட்டு நின்றது. தபேலாவின் ‘நா’ திரும்பி வந்தது. ஆனால் ஆம்பை முழுக்கத் திறந்து ஆறாவது கம்பியைத் தட்டினால் அடி ஒலி சிதறியது. 25 வாட் ஸ்பீக்கரை 28 வாட் வரை தள்ளுகிறேன், நண்பரின் பொருள் வேறு. நீண்ட நேரம் வைக்க மனம் வரவில்லை. அந்தக் குணம் வேண்டும், இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று தேடிப் போனால் வந்து நிற்பது கிரீம்பேக் 65. கிரீன்பேக்கின் சாயலில் 65 வாட் தாங்கும்படி செய்தது. 97 டெசிபல்தான். மூன்று டெசிபலை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த மூன்று டெசிபலை நினைத்து இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து ஒரு முக்காலி மேல் வைத்து, முகத்தைக் கொஞ்சம் மேலே சாய்த்து, கிரீன்பேக்கையே மறுபடி கேட்டோம். தரையில் இருக்கும்போது ஒலியின் கூர்மையெல்லாம் என் முழங்காலிலும் முதல் வரிசையிலும் போய் முடிந்துகொண்டிருந்தது. உயர்த்தியதும் நின்று வாசிக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கே கேட்டதால் வால்யூமைக் கூட்டத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் நான் அதிகச் சத்தம் வைத்ததற்குக் காரணம் எனக்குக் கேட்காததுதான். முதுகுப் பக்கம் திறந்த பெட்டி என்பதால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தோம், அதுவும் பொருந்தியது. 97 போதும் என்று முடிவானது அங்கேதான்.

16 ஓம் கிடைப்பது எளிதாக இல்லை. உதிரிப் பாகங்களுக்கு வழக்கமாகக் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசாருக்குப் போவேன். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வால்வு சாக்கெட் வரை அந்தத் தெருவில் கிடைக்கும். இந்த ஸ்பீக்கரை வேறு ஒரு கடையில் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. “8 ஓம் கைவசம் இருக்கு, எடுத்துக்கோங்க, எல்லாம் ஒன்னுதான்” என்றார் கடைக்காரர். நான் அளக்காமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். மூன்று வாரம் காத்திருந்து 16 ஓமே வாங்கினேன். எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. பெட்டி மரத்துக்கு நான் கொடுத்ததைவிடப் பல மடங்கு.

வந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 12 சொச்சம் காட்டியது. 16 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 16 காட்டாது. மீட்டர் செம்புக் கம்பியை மட்டும்தான் அளக்கும், அது எப்போதும் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டேன். கோன் டப் என்று வெளியே எட்டிப் பார்த்தது. முனைகள் சரி.

பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துக்கொண்டேன். அணைத்துவிட்ட ஆம்பிலும் 300 வோல்ட் நின்றுகொண்டிருக்கலாம். பிறகு எட்டுத் திருகாணி. ஒரு பக்கமாக வரிசையில் முறுக்கினால் ஸ்பீக்கரின் இரும்புக் கூடை வளைந்து புதுக் காயிலும் உரச ஆரம்பிக்கும். அதனால் ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்றில். பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ரப்பர் பலகை இன்னும் வெளிர் மஞ்சளாக, புதிதாக அறுத்த நிறத்திலேயே இருந்தது. சுற்றிலும் மற்ற இடமெல்லாம் தேன் நிறமாகக் கறுத்திருந்தது. அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் புதியதை வைத்தேன்.

முதல் வாரம் ஒலி விறைப்பாக இருந்தது. காகிதத்தின் ஓர மடிப்பு இளகவேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நடுத்தரச் சத்தத்தில் வாசித்தேன். மூன்றாம் வாரம் அடி ஒலி திறந்துகொண்டது. இதில் என் காது எவ்வளவு பழகியது, காகிதம் எவ்வளவு பழகியது என்று பிரிக்க முடியாது. வால்வுகளில் மாற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. 8000 ஓம் எதிரே இருக்கும்போது ஒலி கலையாமல் இன்னும் மேலே போகிறது, கலையும்போதும் மெதுவாகக் கலைகிறது. எடுத்ததும் கொட்டுவதில்லை.

போன சனிக்கிழமை முழுக் குழுவோடு மண்டபத்தில் ஒத்திகை. பெட்டி முக்காலி மேல். பக்கத்துக் கொட்டகையில் பிள்ளைகள் உருமி பழகிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தையும் தாண்டி எங்களுக்கு ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்டது. இரண்டாவது பாட்டில் நான் ஒரு நீண்ட சுருதியைப் பிடித்து நிறுத்தினேன். அது மெல்லத் தேய்ந்து அடங்கும்வரை தபேலாக்காரர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் சுத்தியலை எடுத்து தபேலாவின் கட்டையைத் தட்டிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்.

“இறங்கிப்போச்சா?” என்றேன்.

“ரொம்ப நாளாவே கொஞ்சம் இறங்கித்தான் இருந்திருக்கும்போல. இன்னிக்குத்தான் என் காதுல விழுது” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவர் சேர்த்து முடிக்கும்வரை காத்திருந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.